கடைமடை வரை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கடைசி வருடம் படிக்கிறேன். லினக்ஸ் இயங்குதளம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சிஸ்டம்ஸ் புரோகிராமிங்தான் என் வழி என்று முடிவு செய்துவிட்டேன். சில சந்தேகங்கள்.

சி மொழியைக் கற்பதா, ரஸ்ட் மொழியைக் கற்பதா? சீனியர்கள் சி செத்துவிட்டது என்கிறார்கள். ஆசிரியர்கள் சி-யைத் தவிர வேறெதுவும் சொல்லித்தருவதில்லை.

மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களில் பங்களிப்பு இருந்தால் இன்டர்வியூவில் மதிப்பு என்பதால் எங்கள் வகுப்பில் பலரும் அவற்றின் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்புகளில் எழுத்துப்பிழை, காற்புள்ளி திருத்தி அனுப்புகிறோம். நானும் முப்பதுக்கு மேல் அனுப்பினேன். மூன்றை ஏற்றார்கள். ஒருவர் “என் நேரத்தை வீணாக்காதே” என்று எழுதிவிட்டார். எல்லோருக்கும் திறந்தது என்று சொல்லிவிட்டு இப்படி விரட்டுவது நியாயமா? ஆயிரம் கண்கள் பார்ப்பதால்தானே ஓப்பன் சோர்ஸ் பாதுகாப்பாக இருக்கிறது? எங்கள் கண்ணும் அதில் சேராதா?

கடைசியாக, நாகர்கோவிலில் இருந்துகொண்டே இந்த வேலையைச் செய்ய முடியுமா, பெங்களூர் போயே ஆகவேண்டுமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

ஆயிரம் கண்கள் என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்ச காலமாகவே அந்த நம்பிக்கை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. மற்றவற்றை முதலில் தள்ளிவிடுகிறேன்.

சி-யா ரஸ்டா என்பது டீக்கடையில் பேசவேண்டிய விஷயம். ரஸ்ட் 1.0 வந்தது 2015-ல். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் அது நுழைந்தது 2022 டிசம்பரில், 6.1 பதிப்பில். நினைவகத்தைத் தவறாகக் கையாளும் பிழைகளில் பெரும்பகுதியை அந்த மொழியின் கம்பைலரே தடுத்துவிடுகிறது. அது பெரிய விஷயம், கற்றுக்கொள்ளுங்கள். கெர்னலின் மிகப்பெரும்பகுதி இன்றும் சி. அதையும் கற்றுக்கொள்ளுங்கள். இருபத்தொரு வயதில் இரண்டையும் கற்க நேரம் இல்லை என்று யார் சொன்னது?

நாகர்கோவிலில் இருந்து செய்யலாம். கெர்னலுக்குத் திருத்தங்கள் மின்னஞ்சலில்தான் போகின்றன. அனுப்புகிறவர் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. களியக்காவிளை தாண்டினால் கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். கட்டற்ற மென்பொருளுக்கான இந்திய அமைப்பு 2001-ல் தொடங்கப்பட்டதே திருவனந்தபுரத்தில்தான். நம் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போகிற தூரம். இடம் ஒரு தடையே இல்லை.

இனி அந்த முப்பது திருத்தங்கள். அது வெட்கப்படவேண்டிய காரியம். அந்த மனிதர் உங்களை விரட்டியது நியாயம்தான். நீங்கள் அனுப்பிய காற்புள்ளியை ஏற்கவோ மறுக்கவோ அவர் அதைத் திறக்கவேண்டும், படிக்கவேண்டும், முடிவு செய்யவேண்டும். பகல் வேலை முடிந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். உங்கள் வகுப்பில் அறுபது பேர் என்றால் அறுபது பேரும் அவர் வாசலில் வரிசையாக நிற்கிறீர்கள். 2020 அக்டோபரில், திருத்தம் அனுப்புகிறவர்களுக்குப் பரிசு தரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நடந்தபோது ஒரு டி-ஷர்ட்டுக்காக இப்படித்தான் உலகம் முழுக்கக் குப்பையைக் கொட்டினார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளின் பெயர் அதில் அதிகம் அடிபட்டது. கடைசியில், விரும்பிப் பெயர் கொடுத்த திட்டங்களுக்கு மட்டும் என்று அதன் விதியையே மாற்றவேண்டி வந்தது. முன்பின் தெரியாத ஒருவரின் இரவைத் தின்றுவிட்டு அதை பயோடேட்டாவில் ஒரு வரியாகப் போட்டுக்கொள்வதற்குப் பெயர் பங்களிப்பு அல்ல.

அந்த மனிதர்களின் களைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024 மார்ச்சில் பார்த்தோம். எக்ஸ்இஸட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் உண்டு. பல வருடங்களாக அதைக் கவனித்துக்கொண்டவர் பின்லாந்துக்காரரான லாஸ்ஸே காலின், கிட்டத்தட்டத் தனியாக. வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளிடம் கொடு என்று சிலர் அவரை நெருக்கினார்கள். இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதை நினைவில் வையுங்கள் என்று 2022-ல் அவர் எழுதவேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பணிவாக, பொறுமையாக, இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல திருத்தங்களாகவே அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளவாசலைச் செருகினார். சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் அது மறைந்திருந்தது. கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் நிறைய சர்வர்களுக்குள் யாரோ சத்தமில்லாமல் நுழைந்திருப்பார்கள்.

கண்டுபிடித்தவை ஆயிரம் கண்கள் அல்ல. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்று, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை எழுதும் ஒரு புரோகிராமர் வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போக அரை விநாடி கூடுதலாக ஆனது. நானும் நீங்களும் நெட் மெதுவாக இருக்கிறது என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. ஏன் அரை விநாடி என்று தோண்டிக்கொண்டே போய் அந்த வாசலைக் கண்டார். அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. இணையத் தொடர்பை மறையாக்கும் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பிழை 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்து 2014 ஏப்ரல் வரை எல்லோர் கண்முன்னாலும் கிடந்தது. எவ்வளவு நீளம் என்று எதிர்முனை சொன்னதைச் சரிபார்க்காமல் நம்பிவிட்ட பிழை. இணையத்தின் பெரும்பகுதி அந்த நூலகத்தின் மேல் ஓடியது. யார் வாசித்தார்கள்? திறந்து வைத்திருப்பதால் மட்டும் ஒரு மூலநிரல் வாசிக்கப்பட்டதாக ஆகாது, எஸ்.

இதை எனக்குப் புரியவைத்தது எக்ஸ்இஸட்டோ ஹார்ட்பிளீடோ அல்ல, குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் கடை. அப்பா ஷீட் போடும் கடை. சிறு விவசாயிகள் ஷீட்டும் ஒட்டுப்பாலும் கொண்டுவந்து எடை போடுவார்கள். சிலர் அன்றைய விலைக்குத் தருவார்கள். சிலர் விலை கூடட்டும் என்று எடையை மட்டும் பதிந்துவிட்டுப் போவார்கள், மகள் கல்யாணம், பள்ளிக்கூடம் திறப்பு என்று வரும்போது கணக்குப் பார்த்து வாங்குவார்கள். அதெல்லாம் முன்பு சிட்டைப் புத்தகத்தில் இருந்தது. பிறகு ஒரு சிறு கம்பெனிப் பையன்கள் வந்து லைசென்ஸ் செலவில்லை என்று சொல்லி, லினக்ஸில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். மூலநிரலும் அதே கணினியில் இருந்தது, யாரும் வாசிக்கலாம், திருத்தலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தோடு. அவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள்.

ஓர் இடவப்பாதி மழை இரவில், நாள் முடிப்பு ஓடிக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. மறுநாள் கடைக்காரர் கூப்பிட்டார். “மக்கா, ஃபைல் இருக்கு. பேரும் இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல. இத்தற ஆளுக்க கணக்கு, நான் அவங்ககிட்ட என்ன செல்லுவேன்?” என்றார். போய்ப் பார்த்தேன். கோப்பின் அளவு பூஜ்யம்.

மூலநிரலைத் திறந்தேன். நாள் முடிப்பின்போது அது பழைய கணக்குக் கோப்பை எழுதுவதற்காகத் திறக்கிறது. அப்படித் திறந்த அந்த நொடியே உள்ளே இருப்பது முழுக்கக் காலியாகிவிடும். பிறகு ஒவ்வொருவர் கணக்காகக் கூட்டிக் கூட்டி எழுதுகிறது. பழையது அழிந்து, புதியது வட்டில் சேராத அந்த இடைவெளியில் கரண்டு போயிருக்கிறது. அந்த ஆறு வரிகளை வாசித்திருந்தால் போதும். வருடக்கணக்காக அதே மேசையில் திறந்தபடி கிடந்தது, ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை.

விவசாயிகள் கையில் இருந்த துண்டுச்சீட்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லித் திரும்ப ஏற்றினார் கடைக்காரர். சீட்டைத் தொலைத்துவிட்ட ஒரு வயதான அம்மா இத்தனை கிலோ என்று வாயால் சொன்னார். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் அப்படியே எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒரு புரோகிராமர் வேலையில் யாருடைய பாடு இருக்கிறது என்பது அன்றைக்குத் தெரிந்ததுபோல் எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

இதை விட்டு நகர எனக்கு மனமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்பதற்குப் பெயர் சிஸ்டம் கால். கோப்பில் எழுதச் சொல்லும் ரைட் என்ற சிஸ்டம் கால் வெற்றி என்று திரும்பிவந்தால் என்ன அர்த்தம்? உங்கள் வகுப்பில் கேட்டுப்பாருங்கள், கோப்பில் எழுதியாயிற்று என்பார்கள். இல்லை. கெர்னல் தன் நினைவகத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். வட்டுக்குப் போவது பிறகு. லினக்ஸில் வழக்கமான அமைப்பில் அந்த நினைவகத் துண்டு, கெர்னல் மொழியில் ஒரு ‘பக்கம்’, முப்பது விநாடி வரைகூட வட்டுக்குப் போகாமல் காத்திருக்கலாம். சி-யின் எஃப்ரைட் என்றால் இன்னும் மோசம், கெர்னலுக்கே போயிருக்காது, உங்கள் புரோகிராமின் சொந்தத் தற்காலிக நினைவகமான பஃபரில் கிடக்கும். அதற்கெல்லாம் கீழே வட்டுக்குள்ளும் ஒரு தற்காலிக நினைவகம் உண்டு. பேச்சிப்பாறையில் ஷட்டரைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்த அன்றே தோவாளை சானலின் கடைமடையில் வயல் நனைந்துவிடுமா? நடுவில் எத்தனை மைல், எத்தனை மடை, எத்தனை அடைப்பு. கடைமடைக்காரன் வரப்பில் போய் நின்று பார்க்காமல் நாற்றங்கால் உழமாட்டான். அப்படி, எழுதியதை வட்டுவரை தள்ளிவிட்டு, சேர்ந்ததா என்று பார்த்து வந்து சொல்வதற்குத்தான் எஃப்சிங்க் என்ற சிஸ்டம் கால் இருக்கிறது.

அதற்கு முறை இருக்கிறது. பழைய கோப்பைத் தொடவே கூடாது. பக்கத்தில் புதுக் கோப்பு ஒன்றில் முழுவதையும் எழுதவேண்டும். பஃபரைக் காலி செய்து எஃப்சிங்க் அழைக்கவேண்டும். பிறகு ரீநேம் செய்து பழையதன் இடத்தில் வைக்கவேண்டும். ரீநேம் நடந்தால் முழுதாக நடக்கும், இல்லையென்றால் நடக்காது. பழைய கணக்கோ புதிய கணக்கோ, ஒன்று கட்டாயம் இருக்கும். கடைசியாக அந்த ஃபோல்டருக்கும் ஓர் எஃப்சிங்க். பெயர் மாறியதும் வட்டில் பதியவேண்டும் அல்லவா? ஃபோல்டருக்கும் தனியாக எஃப்சிங்க் வேண்டும் என்பது ரகசியம் ஒன்றும் இல்லை, எஃப்சிங்கின் கையேடான மேன் பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் திரும்பிவரும் மதிப்பைப் பார்க்கவேண்டும். கோப்பை மூடும் குளோஸ்கூடப் பிழை தரலாம். நான் பார்த்த மாணவர்களின் புரோகிராம்களில் குளோஸின் மதிப்பைப் பார்த்தது ஒன்றுகூட இல்லை.

எஃப்சிங்க் பிழை தந்தால்? மறுபடி அழைக்கலாம் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். போஸ்ட்கிரெஸ் ஆட்களுக்கும் இருபது வருடம் அப்படித்தான் தோன்றியது. லினக்ஸில் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால், வட்டுக்குப் போகாத அந்தப் பக்கத்தையே கெர்னல் எழுதி முடித்ததாகக் குறித்துவிடும், அடுத்த எஃப்சிங்க் வெற்றி என்று திரும்பும், தரவு போயிருக்கும். இது பெரிய விவாதமாக வெடித்தது 2018-ல். கெர்னல் தரப்பிலும் நியாயம் இருந்தது: யாரோ யுஎஸ்பி குச்சியைப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டால், அதற்கான பக்கங்களை எத்தனை நாள் நினைவகத்தில் கட்டிக் காப்பது? 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளில் போஸ்ட்கிரெஸ் தன் வழியை மாற்றியது. எஃப்சிங்க் தோற்றால் உடனே தன்னையே நிறுத்திக்கொண்டு, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் தன் லாக்கிலிருந்து மறுபடி எழும். இரண்டு பக்கமும் உலகத்தின் மிகச்சிறந்த புரோகிராமர்கள். இரண்டு பக்கத்து மூலநிரலும் திறந்தே கிடந்தது. ஒருவர் நிரலை மற்றவர் வாசிக்கவில்லை. வாசித்த பிறகு சரிசெய்ய முடிந்தது என்பதுதான் ஓப்பன் சோர்ஸின் பெருமை, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லி இன்னும் இருபது வருடம் ஓடியிருக்கும்.

எனவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்று ஒரு சாதனக் கோப்பு உண்டு. அதில் எதை எழுதினாலும் வட்டில் இடமில்லை என்று பிழை தரும், எப்போதும். முதல் வருடத்தில் எழுதிய ஹலோ வேர்ல்ட் புரோகிராமின் வெளியீட்டை அதற்குள் திருப்பிவிடுங்கள். ஓர் எழுத்துகூட எங்கும் போய்ச் சேராது. புரோகிராம் பூஜ்யம், அதாவது வெற்றி, என்று சொல்லி முடியும். ஏன் என்பதை, ஒரு புரோகிராமின் சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை ஓட்டி நீங்களே கண்டுபிடியுங்கள். பிறகு நீங்கள் தினமும் பயன்படுத்தும் சின்னச் சின்ன ஓப்பன் சோர்ஸ் கருவிகளை ஒவ்வொன்றாக அதற்குள் திருப்பிப் பாருங்கள். பொய் சொல்லும் கருவி நிச்சயம் சிக்கும். அதன் மூலநிரலைத் திறந்து, எந்த வரியில் பிழையை விழுங்குகிறது என்று கண்டுபிடித்துத் திருத்துங்கள்.

அதைப் பராமரிப்பவருக்கு எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள்: எந்தப் பதிப்பு, என்ன ஓட்டினீர்கள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்கவேண்டும். வணக்கமும் புகழ்ச்சியும் வேண்டாம். ஒரு திருத்தம் மட்டும், அதைச் சோதிக்கும் வழியோடு. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து ஒரேயொரு முறை நினைவுபடுத்துங்கள். அதற்கும் வராவிட்டால் அவர் வீட்டில் என்ன நிலைமையோ என்று விட்டுவிட்டு, உங்கள் கணினியில் திருத்திய பதிப்பையே ஓட்டுங்கள்.