பாப் நைட்: மேதையா, முரடரா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பாப் நைட் ஆட்டத்தின் நடுவே நாற்காலியை வீசியவர் என்று மட்டுமே அறிந்திருக்கிறேன். அப்படிப்பட்டவரை ஏன் மேதை என்று கொண்டாடுகிறார்கள்?

பதில்: கொண்டாடுவதற்குக் காரணம் இருக்கிறது. 24 வயதிலேயே அமெரிக்க ராணுவக் கல்லூரி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான நைட், 1971இல் இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1976, 1981, 1987 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்று தந்தார். 1976ஆம் ஆண்டு அணி 32 ஆட்டங்களிலும் வென்றது. அவர் 2023இல் காலமாகும் வரை கல்லூரிக் கூடைப்பந்தின் உச்ச நிலையான ஆடவர் முதல் பிரிவில் வேறெந்த அணியும் தோல்வியே காணாமல் பட்டம் வெல்லவில்லை. 1984 ஒலிம்பிக்கில் மைக்கேல் ஜோர்டான் ஆடிய அமெரிக்க அணிக்குத் தங்கம் பெற்றுத் தந்த பயிற்சியாளரும் அவரே.

அவர் வளர்த்தெடுத்த ‘மோஷன் அஃபென்ஸ்’ என்ற தாக்குதல் ஆட்ட முறையில், மனப்பாடம் செய்த நகர்வுகளுக்குப் பெரிய இடமில்லை. எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதைப் பார்த்து, சட்டென்று திசை மாற்றி ஓடுவதா, சக வீரருக்கு வழிமறித்துக் கொடுப்பதா என்பதை ஐந்து பேரும் அந்தக் கணத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். களத்தில் வீரர்கள் சுயமாகச் சிந்திக்க வேண்டும் என்று கேட்ட அதே மனிதர், பயிற்சிக்கூடத்தில் அவர்களை அச்சத்தால் ஆண்டார் என்பதுதான் எனக்கு விளங்காத முரண்.

நீங்கள் குறிப்பிடும் சம்பவம் 1985 பிப்ரவரி 23 அன்று பர்டூ பல்கலைக்கழக அணிக்கு எதிரான ஆட்டத்தில் நடந்தது. நடுவரிடம் வாதாடியதற்காக நைட்டுக்கு ‘டெக்னிக்கல் ஃபௌல்’ எனும் நடத்தை மீறல் தண்டனை விதிக்கப்பட்டு, பர்டூ வீரர் அதற்கான ஃப்ரீ த்ரோவை (தடுப்பாரின்றிக் கூடைக்குள் எறியும் வாய்ப்பை) எறிய ஆயத்தமானபோது, நைட் வீசிய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஆடுகளத்தின் குறுக்கே சறுக்கிச் சென்றது. அதற்குக் கிடைத்த தண்டனை ஓர் ஆட்டத் தடை. அதை இன்றும் வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். ஆனால் அவர்மீதான குற்றச்சாட்டுகளில் அதுவே மிகச் சிறியது. 1997இல் பயிற்சியின்போது நீல் ரீட் என்ற வீரரின் கழுத்தை அவர் பிடித்ததைக் காட்டும் ஒளிப்பதிவு 2000இல் தொலைக்காட்சியில் வெளியானது.

கேள்வி: பல்கலைக்கழகம் ஏன் அவரை முன்பே தட்டிக்கேட்கவில்லை?

பதில்: வெற்றி வந்துகொண்டிருந்தது, அரங்கமும் நிரம்பிக்கொண்டிருந்தது. அவருடைய அணிகள் ஆள்சேர்ப்பு விதிகளை மீறித் தண்டனைக்கு ஆளானதில்லை என்பதும், வீரர்கள் வகுப்புக்குச் செல்வதில் அவர் கண்டிப்பாக இருந்தார் என்பதும், நிர்வாகத்துக்கு நல்ல சாக்காக அமைந்தன. ஒளிப்பதிவு வெளியான பிறகும், ‘இனி ஒரு தவறும் பொறுக்கப்படாது’ என்ற எச்சரிக்கையோடு வேலையில் தொடரவிட்டார்கள். சில மாதங்களில், ஒரு மாணவரின் கையைப் பிடித்து மிரட்டியதாகப் புகார் எழுந்த பின்னரே, 2000 செப்டம்பரில் அவர் நீக்கப்பட்டார். என் பார்வையில், நைட்டின் கோபத்துக்கு நைட் பொறுப்பு. அது 29 ஆண்டுகள் நீடித்ததற்குப் பல்கலைக்கழகமே பொறுப்பு.

பின்னர் டெக்சஸ் டெக் அணிக்குச் சென்ற அவர், 2008இல் 902 வெற்றிகளோடு விலகினார். முதல் பிரிவு ஆடவர் பயிற்சியாளர்களில் அன்று அதுவே உச்சம். அந்தச் சாதனையை 2011இல் முறியடித்தவர், ராணுவக் கல்லூரியில் அவரிடமே ஆடிப் பழகிய மைக் ஷஷெவ்ஸ்கி.