வடகம் காயும் மாடிக்கு மேலே பறந்தவர் யார்?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு 41 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். மூன்று வருடம் உழைத்து ஒரு நகைச்சுவை சூப்பர் ஹீரோ நாவல் எழுதி முடித்திருக்கிறேன். மீட்டர் ரீடிங் எடுக்கும் மின்வாரிய ஊழியர் ஒருவருக்கு, டிரான்ஸ்பார்மர் வெடித்ததில் பறக்கும் சக்தி வந்துவிடுகிறது. ஆனால் மின்கம்ப உயரத்துக்கு மேல் பறக்க முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் சக்தியும் நின்றுவிடும். இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொண்டால் போடலாம் என்கிறது மற்றொன்று. அதற்கு நானே வெளியிட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். மனைவி கட்டிவரும் சீட்டை எடுத்தால் ஆயிரம் பிரதி போட்டுவிடலாம். ஆனால் வீட்டில் யாருக்கும் என் எழுத்தில் அக்கறை இல்லை. எனக்குத் தட்டச்சு வராது என்பதால், நோட்டில் எழுதியதை மனைவிதான் தட்டச்சு செய்து கொடுத்தாள். போகிற போக்கில் அங்கங்கே அவளாகச் சில வரிகள் சேர்த்தும் விட்டாள். அவற்றில் சில பரவாயில்லை. மற்றபடி தனியாகத்தான் போராடுகிறேன். நானே வெளியிடலாமா? புனைபெயர் வைத்துக்கொள்ளலாமா? முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்:

தம்பி, 'முயற்சி திருவினையாக்கும்' என்று தொடங்குவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதை வேறு யாராவது சொல்லட்டும். எழுதுகிறவர்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பதிப்பாளருக்கு ரசனை இல்லை, குடும்பத்துக்குப் புரிதல் இல்லை, எழுதியவருக்குத் துணை இல்லை. உங்கள் கடிதத்தையும் அந்தக் கட்டோடு சேர்த்து வைத்திருப்பேன். அத்தியாயங்களையும் அனுப்பியிருந்தீர்களே என்றுதான் உட்கார்ந்து படித்தேன்.

முதல் அத்தியாயத்தில் டிரான்ஸ்பார்மர் வெடிக்கிறது. நான்கு பக்கம் வெடிக்கிறது. வெடித்து முடிந்த பிறகும் வெடித்துக்கொண்டிருக்கிறது. அது 100 கேவிஏ என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் அத்தியாயத்தில் நகைக்கடைத் திருடனைத் துரத்துகிறார் நாயகன். அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

மூன்றாவதில், காலை ஒன்பது மணிக்கு எதிர்வீட்டு அம்மாள் நாயகன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். "உங்கள் வீட்டுக்காரர் ஊரைக் காப்பாற்றட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் தாழப் பறக்கிற வேகத்தில் தெருப் புழுதி அத்தனையும் எங்கள் அரிசி வடகத்தில் வந்து இறங்குகிறது. வேட்டியின் நான்கு மூலைக்கும் கல் வைத்தும் துணி எழும்பிவிட்டது" என்கிறார். நாயகனின் மனைவி பஞ்சாயத்து பேசுகிறார். மாவு ஈரமாக இருக்கும் நடுப்பகல் வரை அந்தத் தெருவுக்கு மேல் பறப்பதில்லை. மேல்புறம் காய்ந்து தூசி ஒட்டாத பதம் வந்த பிறகு பறக்கலாம். மாசியிலிருந்து சித்திரை வரை இந்த ஏற்பாடு. ஆடிக் காற்றில் யாரும் வடகம் போடப்போவதில்லை, அப்போது அவர் இஷ்டம். எதிர்வீட்டு அம்மாளும் ஒரு நிபந்தனை போடுகிறார்: பறக்கிறவர் போகிற வழியில் காக்கையையும் விரட்டிவிட்டுப் போக வேண்டும்.

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அந்த இரண்டு பக்கத்துக்காக மட்டும் உங்கள் நாவலைக் காசு கொடுத்து வாங்குவேன்.

இப்போது எனக்குப் பதில் சொல்லுங்கள். நீங்கள் பிறந்ததிலிருந்து ஒரு முறையாவது வடகம் பிழிந்திருக்கிறீர்களா? மாவு எந்த நேரத்தில் எந்தப் பதத்தில் இருக்கும், எத்தனை மணிக்குத் தூசி ஒட்டும், எத்தனை மணிக்கு ஒட்டாது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அலுவலக நாளில் பதினோரு மணிக்கு மொட்டைமாடியில் நின்று பார்த்தவருக்குத்தான் அது தெரியும். அந்த நேரத்தில் நீங்கள் பேரேட்டில் இருந்திருப்பீர்கள்.

'போகிற போக்கில் அங்கங்கே சில வரிகள்.' உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது இந்த வரிதான். நகைச்சுவை நாவலில் சிரிப்பு வருகிற இடத்தை எழுதியவர் யார் என்பது சில்லறைக் கேள்வி அல்ல. மற்ற நாவலில் இரண்டு வரி சேர்த்தால் அது திருத்தம். நகைச்சுவை நாவலில் சிரிக்க வைத்த இரண்டு வரியைச் சேர்த்தவர் பாதி ஆசிரியர். 'சில பரவாயில்லை' என்கிறீர்களே, அந்தச் சிலவற்றை எடுத்துவிட்டு மூன்று அத்தியாயத்தையும் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். டிரான்ஸ்பார்மர் மட்டும் மிஞ்சும்.

முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தேன் என்கிறீர்கள். 1972இல் சிவகாசியில் அது தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். உங்கள் கடிதத்தில் உங்கள் மனைவி அப்படித்தான் இருக்கிறார். ஆளைக் காணவில்லை, தட்டச்சு செய்யும் கை மட்டும் தெரிகிறது. அவர் பெயர் இல்லை, வேலைக்குப் போகிறவரா என்பது இல்லை, எத்தனை குழந்தைகள் என்பது இல்லை, அடுப்படி வேலை முடித்து எத்தனை மணிக்கு உங்கள் நோட்டைத் திறந்தார் என்பதும் இல்லை.

அந்த மாயாவிக் கதை 1962இல் லண்டனில் வேலியன்ட் என்ற வார இதழில் தொடங்கியது. எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் போடுகிற வழக்கம் அந்தக் காலத்து ஆங்கிலச் சிறுவர் வார இதழ்களில் இல்லை. ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் அதை வரைந்தார். அவர் வரைந்த முகத்தை நம் ஊர்ப் பையன்கள் நோட்டு அட்டையில் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். அவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அதைவிட மோசமானது பேட்மேன் கதை. சூப்பர் ஹீரோ எழுதப் புறப்பட்டவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

1939இல் பாப் கேன் என்ற ஓவியர் வௌவால் மனிதன் ஒருவனுக்குப் படம் போட்டார். சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சிறு முகமூடி, முதுகில் விறைப்பான இரண்டு இறக்கை. அதைத் தன் நண்பர் பில் ஃபிங்கரிடம் காட்டினார். சிவப்பு வேண்டாம், சாம்பல் நிறம் போடு என்றவர் ஃபிங்கர். இறக்கைக்குப் பதில் மேலங்கி, காது நீண்ட முகமூடி என்றவர் ஃபிங்கர். புரூஸ் வேய்ன் என்ற பெயரும் கோதம் என்ற ஊர்ப் பெயரும் அவர் கொடுத்தவை. முதல் கதையை எழுதியவரும் அவர்தான். ஒப்பந்தத்தில் பாப் கேன் பெயர் மட்டும் இருந்தது. அதனால் அட்டையிலும் திரையிலும் அவர் பெயர் மட்டுமே வந்தது. ஃபிங்கர் 1974இல் வறுமையில் இறந்தார். 1989இல் வெளியான தன் வரலாற்றில்தான் கேன், ஃபிங்கருக்கு உரிய இடம் கிடைக்காததற்கு வருத்தப்பட்டார். பதினைந்து வருடம் கழித்து வருந்தி யாருக்கு என்ன லாபம்? 2015இல், ஃபிங்கரின் பேத்தியும் சில ஆர்வலர்களும் விடாமல் போராடிய பிறகு, 'பில் ஃபிங்கருடன்' என்று சேர்த்தார்கள். 76 வருடம்!

கேனும் போகிற போக்கில் சொன்ன யோசனைகள் என்றுதான் நினைத்திருப்பார்.

நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கூட்டு ஆசிரியர் என்ற வகை இருக்கிறது. ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரிக்க முடியாதபடி சேர்ந்து உருவாக்கிய படைப்புக்கு அது பொருந்தும். இருவரில் கடைசியாக இறப்பவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் உரிமை தொடரும். எத்தனை வரி சேர்த்தால் கூட்டு ஆசிரியர் என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். வீட்டுக் கணக்கு வேறு. குடும்பத்தில் ஒருவர் உழைப்பை மற்றவர் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்படித்தான் குடும்பம் நடக்கிறது. கணவன் எழுத மனைவி துணை நிற்பது கடமை என்றும் சொல்வேன். இதற்காக என்னைப் பழமைவாதி என்று திட்டி வரும் கடிதங்களுக்குக் குறைவில்லை. ஆனால் கடமையைச் செய்தவரைப் பார்த்து 'யாரும் ஒன்றும் செய்யவில்லை' என்று ஊருக்குச் சொல்வது துரோகம். அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

ஊருக்கு என்றா சொன்னேன்? உங்கள் கடிதத்தைத் திரும்பப் பாருங்கள். பிழையில்லாமல், பத்தி பிரித்து, நேர்த்தியாகத் தட்டச்சு செய்த கடிதம். உங்களுக்குத் தட்டச்சு வராது. அப்படியானால் 'வீட்டில் யாருக்கும் என் எழுத்தில் அக்கறை இல்லை' என்ற வாக்கியத்தை எழுத்தெழுத்தாகத் தட்டியது யார் விரல்? நாவல் முழுக்கத் தன் வரிகளைச் சேர்த்தவர், அந்த இடத்தில் ஒரு சொல்லும் சேர்க்காமல், ஒரு சொல்லும் நீக்காமல் அப்படியே அனுப்பியிருக்கிறார். என்னால் அந்த வரியைக் கடந்து போக முடியவில்லை. உங்களால் எப்படி முடிந்தது?

அடுத்து அந்தச் சீட்டு. 'எடுத்தால் ஆயிரம் பிரதி போட்டுவிடலாம்' என்கிறீர்கள், அவரிடம் கேட்டதாக எழுதவில்லை. ஏலச்சீட்டை முன்கூட்டி எடுத்தால் தள்ளுபடி விட்டுத்தான் எடுக்க வேண்டும். அதிலேயே ஒரு தொகை போய்விடும். மிச்ச மாதங்களுக்கும் தவணை கட்டியாக வேண்டும். சீட்டுப் பணம் எதற்கென்று அவர் மனத்தில் ஒரு கணக்கு இருக்கும். மகள் படிப்போ, மாமியார் கண் ஆபரேஷனோ, எதுவோ. அதைத் தொடாதீர்கள். புத்தகத்துக்காகக் கடனும் வாங்காதீர்கள். வீட்டுத் தேவை முதலில், இலக்கியம் பிறகு. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

வெளியிடலாமா என்றால், தாராளமாக வெளியிடுங்கள். ஆயிரம் பிரதி எதற்கு? டிஜிட்டல் அச்சில் 50, 100 பிரதிகூட எடுக்கலாம். பிரதிக்கு ஆகும் செலவு கூடுதல்தான். ஆனால் கட்டிலுக்கு அடியில் கட்டுக் கட்டாகப் புத்தகம் கிடக்காது. ஆப்செட் மலிவு என்பதெல்லாம் நிறையப் பிரதி போட்டு, போட்டது விற்றால்தான். கடைக்காரருக்குக் கழிவு கொடுக்க வேண்டும். விலையில் மூன்றில் ஒரு பங்கு என்பது சாதாரணம், மிச்சப் பணம் விற்ற பிறகு அவர் சௌகரியப்படி வரும். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 2016 முதல் தமிழ் நூல்களை ஏற்கிறார்கள், ஏற்றுவதற்குக் கட்டணம் இல்லை. முதலில் அதில் போட்டு நாலு பேர் சிரிக்கிறார்களா என்று பாருங்கள். புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னும் நம் நாட்டில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். நீங்களே வெளியிட்டால் பதிப்பாளரும் நீங்கள்தான். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற வைப்பு நூலகங்களுக்கும் உங்கள் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். அச்சுச் செலவை உங்கள் தலையில் கட்டப் பார்த்த அந்தப் பதிப்பகத்தை மறந்துவிடுங்கள். மெய்ப்பு பார்க்க வெளியாளிடம் கூலி கொடுத்துக் கொடுங்கள். அதையும் மனைவி தலையில் கட்ட வேண்டாம்.

அட்டையில் இரண்டு பெயர் வர வேண்டும். தனித்தனிப் பெயராக வரலாம். கூச்சமாக இருந்தால் இருவருக்கும் சேர்த்து ஒரு புனைபெயர் வையுங்கள். சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரு நண்பர்கள் 'சுபா' என்று எழுதி, வாசகர்கள் அதை ஒரே ஆளாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் உங்களுக்கு மட்டும் ஒரு புனைபெயர் தேடிக்கொண்டிருக்கிறீர்களே, அது வேண்டாம்.

கேட்டால் அவர் 'எனக்கு எதற்குப் பெயர்?' என்பார். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடாதீர்கள். அவர் பாத்திரம் துலக்கும்போது வாசற்படியில் நின்றுகொண்டு கேட்டால் அந்தப் பதில்தான் வரும். பாத்திரத்தை நீங்கள் வாங்கித் துலக்குங்கள், அவர் உட்காரட்டும், அப்புறம் கேளுங்கள். எந்தெந்தப் பக்கம் அவருடையது என்று அவரையே குறித்துத் தரச் சொல்லுங்கள். நிஜமாகவே வேண்டாம் என்றால், அந்தப் பக்கங்களை ஒன்று விடாமல் சொல்லி முன்னுரை எழுதுங்கள். 'தட்டச்சு செய்து உதவிய என் மனைவிக்கு நன்றி' என்று ஒற்றை வரி போட்டு எனக்குப் பிரதி அனுப்பினால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். தபால் செலவு உங்களுடையது.