தோட்டத்தில் செடிப் பெயர் வருகிறது, ஜெர்மன் வாக்கியம் வரவில்லை: பதில்

பள்ளித் தோட்டத்தில் ஜெர்மன் பழகும் குழந்தைகள் செடிப் பெயர்களை மட்டும் சொல்கிறார்கள், வாக்கியமாகப் பேசுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். செடிப் பெயர்களைச் சில வாரம் நிறுத்திவிட்டு, கருவி கேட்கும் ஒரே வாக்கியத்தைப் பழக்குங்கள்: "இஷ் பிரௌஹெ டென் ஐமர்", அதாவது எனக்கு வாளி வேண்டும்.

உங்கள் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் முள்ளங்கி, கேரட் பெயர்களை ஒப்பித்துவிட்டு மௌனமாவதற்குக் காரணம், பெரும்பாலும் வாய் திறக்காமலே வேலை முடிந்துவிடுவதுதான். எல்லோர் கையிலும் கருவி இருந்தால் யாரிடம், எதற்குப் பேச வேண்டும்?

அடுத்த வகுப்பில் சோதித்துப் பாருங்கள். நான்கு பேருக்கு ஒரு வாளி, ஒரு பூவாளி. ஒரு குழந்தை காவலர். கேட்டால்தான் கிடைக்கும். பேச்சு கூடினால் காரணம் அதுதான்.

ஜெர்மனில் பொருட்பெயர்களுக்கும் பால் உண்டு. 'வேண்டும்' என்று கேட்கும்போது ஆண்பாலான வாளி மட்டும் 'டேர் ஐமர்' என்பதிலிருந்து 'டென் ஐமர்' ஆகும். பெண்பாலான பூவாளி 'டீ கீஸ்கன்னெ' மாறாது. இந்த வயதில் விதி சொல்லவே வேண்டாம். குழந்தை "டேர் ஐமர்" என்று கேட்டால், "டூ பிரௌஹ்ஸ்ட் டென் ஐமர்?" என்று திருப்பிக் கேட்டபடியே கொடுத்துவிடுங்கள்.

ஆனால் புதிதாக வந்து இன்னும் பேசாத குழந்தைக்குக் கருவியை மறுக்கவே கூடாது. சுட்டிக்காட்டினாலே போதும், மற்றவர்கள் பேசுவதை அது கவனித்துக்கொண்டிருக்கிறது.

விதைக்க கிரெஸ்ஸெ என்ற சிறு கீரை நல்லது. ஈரப் பஞ்சில் இரண்டு மூன்று நாளில் முளைக்கும். முள்ளங்கி அறுவடைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.