ஆத்தாவுக்குத் தயிர்சாதம், உங்களுக்கு நண்டா?

கேள்வி: அப்பச்சியின் திதிக்காக வரும் சனிக்கிழமை குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிறோம். திதி முடிந்ததும் மதியம் நல்ல மீனும் நண்டும் சாப்பிட ஆசை. பெரிய ஓட்டல் வேண்டாம், சாதாரணக் கடை போதும். எங்கே போகலாம்? அப்பச்சி போனதிலிருந்து ஆத்தா கவிச்சி தொடுவதில்லை. தயிர்சாதம் கொடுத்து அறையில் விட்டுவிடுவோம்.
– வாசகர், காரைக்குடி

பதில்: தம்பி, மீனுக்கு இவ்வளவு எழுதிவிட்டு ஆத்தாவைக் கடைசி வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். 22 தீர்த்தமும் ஆடி, ஈரப்புடவையோடு நடந்து, புருஷனுக்குப் பிள்ளை திதி கொடுப்பதைப் பார்த்து வருகிற மனுஷிக்கு லாட்ஜ் அறையும் பொட்டலச் சோறுமா? திதி கொடுத்த கையோடு கவிச்சி தேடுவதும் முறையில்லை. அன்று மதியம் எல்லோரும் ஆத்தாவோடு உட்கார்ந்து சைவம் சாப்பிடுங்கள். இரவு தங்குங்கள்.

பொறுத்தால் மீனும் நன்றாக இருக்கும். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை சேரும். சனி மதியம் விசைப்படகு மீன் கேட்டால் வியாழக்கிழமை இறங்கியதைத்தான் தருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன்தான்.

ஞாயிறு விடிந்ததும் பாம்பன் போங்கள். மீனை நீங்களே பார்த்து வாங்கி, சாதாரணக் கடை ஒன்றில் கொடுத்துச் சமைத்துத் தரக் கேளுங்கள். கோயிலைச் சுற்றித் தேட வேண்டாம். நாலு பேருக்குப் பாறையோ விளமீனோ ஒன்றரைக் கிலோ வாங்கினால், தலையும் குடலும் போக ஒரு கிலோ தேறும். நண்டு உயிரோடு இருக்க வேண்டும், கையில் எடுத்தால் கனக்க வேண்டும். திருப்பிப் போட்டு அடிவயிற்றைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அது ஓடு கழற்றிய புதிது. வேகவைத்தால் உள்ளே தண்ணீர்தான் இருக்கும். கணவாய்த் தோலில் புள்ளிகள் பளிச்சென்று தெரிய வேண்டும். இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் பழசு.

தனுஷ்கோடிப் பக்கம் கடைகளில் சிவக்கச் சிவக்க மசாலா தடவி அடுக்கியிருப்பதைத் தொடாதீர்கள். மசாலாவுக்கு அடியில் தோலின் பளபளப்பும் தெரியாது, சதையின் நிறமும் தெரியாது. தடவாத மீனை எடுக்கச் சொல்லி, செவுள் சிவப்பாக இருக்கிறதா பார்த்து, எதிரிலேயே வெட்டி வறுக்கச் சொல்லுங்கள்.

ஆத்தா கவிச்சி தொடுவதில்லை என்கிறீர்களே, அது அவராக விட்டதா, நீங்கள் யாரும் இலையில் வைக்காமல் விட்டுப்போனதா? கேட்டதாக ஒரு வார்த்தை இல்லை. புறப்படும் முன் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். முதலில் அவரைச் சூடாக இட்லி சாப்பிட வைத்துவிட்டு, கூடவே கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். சாப்பிடுகிறேன் என்றால் முதல் துண்டு அவர் இலைக்குத்தான். நண்டுக்காலை உடைத்துச் சதை எடுத்து வைக்க வேண்டியது நீங்கள், உங்கள் மனைவி அல்ல.