இலவச டாட்நெட்டை நம்பி கடைக்கு பில்லிங் எழுத வைக்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் சீப்புச்சீடை, மாவுருண்டை, தேன்குழல் போட்டு விற்கிறோம், வெளியூருக்கும் பார்சல் போகிறது. தெரிந்த தம்பி ஒருவர் நிரல் எழுதி ஓட்ட உதவும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் பில்லிங் எழுதித் தருகிறேன், அது ஓப்பன் சோர்ஸ், கோடு எல்லோருக்கும் திறந்தது, விண்டோஸுக்குப் பதிலான இலவச லினக்ஸிலும் ஓடும், விண்டோஸ் வாங்கும் செலவு மிச்சம் என்கிறார். என் மகனோ அந்தக் கம்பெனியை நம்பாதீர்கள் ஆச்சி என்கிறான். நாளைக்குக் காசு கேட்டால் என்ன செய்வது?

பதில்: உங்கள் மகனின் சந்தேகம் ஒன்றும் புதிதில்லை ஆச்சி, 2001இல் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்னவர் அந்தக் கம்பெனியின் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர்தான். ஆனால் 2014இல் டாட்நெட்டின் கோடை எல்லோருக்கும் திறந்துவிடப்போவதாக அறிவித்து, 2016இல் அப்படித் திறந்த முதல் பதிப்பை விட்டார்கள். அதன் உரிமம் எம்ஐடி, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிற உரிமம். அதாவது வெளிவந்துவிட்ட பதிப்புக்குப் பின்னால் காசு கேட்க வழியில்லை. நாளைக்கே அவர்கள் கைகழுவினாலும் வேறு யாரும் எடுத்து நடத்தலாம். லினக்ஸ் வெளியிடுகிற உபுண்டுவும் ரெட் ஹாட்டும் இப்போதே டாட்நெட்டைத் தாங்களே தொகுத்துத் தருகின்றன.

எனக்குப் பயம் வேறு இடத்தில். விண்டோஸ் ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப் என்று திரை வரைகிற இரண்டு கருவிகள் இருக்கின்றன, 2018இல் அவற்றின் கோடையும் திறந்துவிட்டார்கள், ஆனால் இன்றுவரை விண்டோஸில் மட்டும்தான் ஓடும். தம்பி அதில் எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் சொன்னது அத்தனையும் உண்மையாகவே இருக்கும், ஆனால் உங்கள் கல்லாவில் இருக்கிற லினக்ஸ் கம்ப்யூட்டரில் பில் போட முடியாது! பிரவுசரில் திறக்கிற மாதிரி எழுதச் சொல்லுங்கள். பில் அடிக்கிற பிரின்டரை அந்த லினக்ஸ் மெஷினிலேயே மாட்டி, ஒரு கிலோ தேன்குழலுக்கு பில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நிரல் எழுத உதவும் மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோடு விஷயமும் இப்படித்தான், மூலநிரல் எம்ஐடி, ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்குகிற நிரல் அவர்களுடைய தனி உரிமத்தில் வருகிறது, பயன்பாட்டுத் தகவலையும் அனுப்புகிறது (அமைப்புகளில் நிறுத்தலாம்). அது தம்பியின் தலைவலி, உங்களுடையது இல்லை.

கம்பெனி மனசு மாறுமா என்றால், மாறும். 2021 அக்டோபரில் ஓடுகிற நிரலை நிறுத்தாமலே திருத்த உதவும் ஹாட் ரீலோடு என்ற வசதியை டாட்நெட்டின் இலவசக் கருவியிலிருந்து எடுத்து, காசு வரும் விஷுவல் ஸ்டுடியோ என்ற நிரல் எழுதும் மென்பொருளுக்குள் வைக்கப் பார்த்தார்கள். நிரலாளர்கள் போட்ட கூச்சலில் சில நாளிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். கூச்சல் போட ஆள் இருக்கிற வரைக்கும் சரி.

அப்புறம் பதிப்பு எண்ணைக் கேளுங்கள். நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கே மூன்று வருஷம்தான், டாட்நெட் 8க்கு 2026 நவம்பரோடு முடிகிறது. அதற்கப்புறமும் பில் வரும், பாதுகாப்புத் திருத்தம் வராது. புதுப் பதிப்புக்கு மாற்றித் தர எவ்வளவு என்று இப்போதே பேசிவிடுங்கள்.

இன்னொன்று, மைக்ரோசாஃப்ட் ஓடிப்போவதைவிட, தம்பிக்கு சென்னையில் வேலை கிடைத்துப் போய்விடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். எழுதிய கோடு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இரண்டும் உங்கள் கைக்கு வந்தால்தான் பாக்கிப் பணம் என்று, அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாலேயே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.