கலச்சுவரும் புரத ஊசியும்: கேள்வி பதில்

(பதில்கள்: நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்திலிருந்து)

கிளிநொச்சி, உயர்தர மாணவி: கிராம் எதிர் பற்றீரியாவுக்குக் கலச்சுவர் இல்லை என்று குறிப்பில் இருக்கு. சரியா ஐயா?

பிழை. இருக்கு, மெல்லிசு. கிராம் சாயத்தைப் பிடித்து வைப்பது கிராம் நேர், பிடித்து வைக்காதது கிராம் எதிர். கிராம் நேரில் சுவர்ப்பொருளான பெப்டிடோகிளைக்கன் 20 முதல் 80 நானோமீற்றர் தடிப்பு. எதிரில் சில நானோமீற்றர்தான், அதுக்கு வெளியே இன்னொரு மென்சவ்வு. சுவரே இல்லாதது மைக்கோபிளாஸ்மா.

மாங்குளம்: பென்சிலின் சுவரை எப்படிக் கரைக்குது?

கரைக்காது. சுவர் சீனி இழைகளால் ஆனது, இழைகளுக்குக் குறுக்கே பெப்டைட்டுப் பாலங்கள். பாலம் போடும் நொதியம் 'டி-அலனின் டி-அலனின்' என்ற அமினோ அமில நுனியைப் பிடித்துத்தான் வேலை தொடங்கும். பென்சிலினின் உருவமும் அந்த நுனி மாதிரி. நொதியம் ஏமாந்து பிடிக்கும், பிடித்தால் விட ஏலாது. புதுப்பாலம் நின்றுபோகும்.

ஒட்டுசுட்டான்: புதுசு கட்டாவிட்டால் பழைய சுவர் நிக்கத்தானே வேணும்? பிறகேன் வெடிக்குது? கரைக்குது என்று சொன்னால் என்ன குறை?

கேட்கவேண்டிய கேள்வி. கலம் வளரப் பழைய சுவரை வெட்டி, இடையில் புதுசைச் செருகவேணும். வெட்டுவது பற்றீரியாவின் சொந்த நொதியங்கள். குளக்கட்டுத் திருத்தும்போது மண் லொறி வராமல் நின்று, மண்வெட்டும் பெக்கோ இயந்திரம் மட்டும் வெட்டிக்கொண்டே போனால்? ஸ்டபிலோகொக்கஸ் என்ற பற்றீரியாவின் உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 20 வளிமண்டலம். கட்டு போகும். சீனி செறிந்த கரைசலில் வைத்தால் வெளியழுத்தம் ஈடுகொடுக்கும். பென்சிலின் இருந்தும் கலம் வெடிக்காமல் உருண்டையாகி நிற்கும். 1956இல் அமெரிக்க விஞ்ஞானி ஜோசுவா லெடர்பேர்க் ஈ.கோலையில் காட்டியது இது. வளராமல் தூங்கும் பற்றீரியாவைப் பென்சிலின் பெரும்பாலும் கொல்லாததும் இதனால்தான்.

ஒட்டுசுட்டான்: அப்ப கண்ணீரில் இருக்கிற லைசோசைம்?

அந்த நொதியம் உண்மையிலேயே சீனி இழையை அறுக்கும். 'கரைக்குது' என்ற சொல்லை அதுக்கே வைச்சிருங்கோ.

நெடுங்கேணி, விவசாயி: வயல் வேலையில் எலிக்காய்ச்சல் வராமலிருக்கப் பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தந்த டொக்சிசைக்கிளின் போடுறன். வீட்டில் அமொக்சிசிலின் மிச்சம் கிடக்கு. சேர்த்துப் போட்டால் பலன் கூடுமோ?

போடாதேங்கோ. டொக்சிசைக்கிளின் புரதத் தொகுப்பை நிறுத்தி வளர்ச்சியை மறிக்கும். அமொக்சிசிலின் பென்சிலின் இனம், அதுக்கு வளரும் கலம் வேணும். நியூமோகொக்கஸ் மூளைக்காய்ச்சலில் பென்சிலினோடு, டொக்சிசைக்கிளினின் இனத்தைச் சேர்ந்த குளோர்டெட்ராசைக்கிளினும் பெற்றவர்கள், பென்சிலின் மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதலாக இறந்தது 1951இலேயே பதிவானது. இன்னொன்று: வயல் மண்ணில் மெலியோயிடோசிஸ் என்ற கடும் தொற்றுநோயின் கிருமியும் இருக்கும். தனி அமொக்சிசிலினுக்கு அது அசையாது, செஃப்டசிடீம் என்ற மருந்தை நாளத்தில் ஏற்றவேணும். நீரிழிவுக்காரருக்கு ஆபத்து அதிகம். காய்ச்சல் வந்தால் மிச்சக் குளிசையைத் தேடாமல் ஆசுப்பத்திரிக்குப் போங்கோ.

முழங்காவில்: சல்மனெல்லா எங்கட கலத்துக்கு ஊசி போடுமாம். மெய்யா?

மெய்தான். மூன்றாம் வகைச் சுரப்புத் தொகுதி என்பது அதன் பெயர். சல்மனெல்லா கிராம் எதிர், அதன் இரண்டு மென்சவ்வுகளையும் ஊடுருவும் வளையங்கள், வெளியே நீட்டிய ஊசி. உள்துளை 2 முதல் 3 நானோமீற்றர். மடிந்த புரதம் அதுக்குள் போகாது. அடியில், ஏ.டி.பி. என்ற கல எரிபொருளால் இயங்கும் நொதியம் மடிப்பைப் பிரிக்கும், புரதம் நூலாக ஓடி எங்கட கலத்துக்குள் போய்த் திரும்ப மடியும். நுனி கலத்தில் தொட்டால்தான் கதவு திறக்கும். இடையில் சுவர் இருக்கே? அதைத் துளைக்க ஒரு சின்ன வெட்டு நொதியமும் கூடவே வரும். அளவோடு வெட்டாவிட்டால் மேலே சொன்ன குளக்கட்டுக் கதைதான். கொலராக் கிருமி வேறு வழி: இரண்டாம் வகைத் தொகுதியால், மடித்து முடித்த நச்சையே வெளியே தள்ளும்.

புதுக்குடியிருப்பு: காசநோய்க் கிருமியின் சுவரைப் பென்சிலின் கரைக்காதா?

எந்தச் சுவரையும் கரைக்காது, மேலே வாசியுங்கோ. காசநோய்க் கிருமிக்கு மைக்கோலிக் அமில மெழுகுறை. அதைக் கட்டவிடாமல் மறிப்பது ஐசோனியசிட் என்ற மருந்து.

வவுனியா: மகனுக்கு மூன்று நாள் காய்ச்சல், எந்த அன்டிபயோட்டிக் நல்லது?

இங்கே கேட்காதேங்கோ. இன்றைக்கே வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கோ, டெங்குவாகவும் இருக்கலாம்.

ஒட்டுசுட்டான்: கடைசியாக ஒன்று. வன்கோமைசின் என்ற அன்டிபயோட்டிக் கரைக்குமோ?

தம்பி! அதுவும் கரைக்காது. நொதியத்தை விட்டுவிட்டு, அந்த 'டி-அலனின்' நுனியையே மூடிப் பிடிக்கும். உருவம் பெரிசு என்பதால் கிராம் எதிரின் வெளிமென்சவ்வைத் தாண்டாது.