இடம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம்: கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் செல்வோருக்கான நிதியுதவி

கேள்வி: என் மகள் கலிபோர்னியாவில் கூபர்டினோவில் உள்ள டி அன்சா என்ற ஈராண்டுக் கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பொருளியல் படிக்கிறாள். 2026 இலையுதிர் பருவத்தில் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்காக யூசி டேவிஸ், யூசி சாந்தா குரூஸ், சான் ஹோசே ஸ்டேட் ஆகிய மூன்றுக்கும் விண்ணப்பித்துவிட்டாள். மென்பொருள் நிறுவனத்தில் இருந்த என் கணவருக்குச் சென்ற ஆண்டு வேலை போய்விட்டது. நாங்கள் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள். 2024 இல் எங்கள் வருமானம் 195,000 டாலர். கம்யூனிட்டி கல்லூரியில் சேர்ந்தபோது நிதியுதவிக்கு விண்ணப்பித்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது மட்டும் என்ன கிடைத்துவிடப் போகிறது என்பதால், ஏப்ரலில் இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். கோயம்புத்தூரில் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டை விற்றுவிடலாமா என்ற யோசனையும் உண்டு.

பதில்: வீட்டை விற்பது பற்றிப் பிறகு பேசலாம். முதலில், ஏப்ரல் வரை காத்திருக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். கலிபோர்னியாவில் நான்காண்டுப் பட்டப் படிப்புக்கான மாநில நிதியுதவிக்கு வழக்கமான கடைசி நாள் மார்ச் 2. யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள், வேறு கல்லூரியிலிருந்து மாறிவரும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு முடிவு சொல்வதோ பெரும்பாலும் ஏப்ரலில்தான். இடம் கிடைத்த பிறகு, நிதியுதவிக்கான ஃபாஃப்சா என்ற மத்திய அரசின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பினால் மத்திய அரசின் உதவிக்கு மட்டும் வழி இருக்கும். மாநிலத்தின் பணம் கைநழுவிப் போயிருக்கும். கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களுக்குச் செப்டம்பர் 2 என்று இன்னொரு கெடு இருப்பதை நண்பர்கள் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அது கம்யூனிட்டி கல்லூரியிலேயே தொடர்ந்து படிப்பவர்களுக்கானது. அந்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் கால் வைக்கும் உங்கள் மகளுக்குப் பொருந்தாது.

அன்று கிடைக்கவில்லை என்பதால் இன்றும் கிடைக்காது என்று நீங்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் நிதியுதவி மாணவரோடு சேர்ந்து கல்லூரி மாறுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு கல்லூரியிலும் கணக்கு புதிதாகப் போடப்படுகிறது. கணக்கில் சேரும் திட்டங்களும் மாறுகின்றன. கம்யூனிட்டி கல்லூரியில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம், அதைத் தள்ளுபடி செய்யும் கலிபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் ஆகியவை அந்தக் கல்லூரியோடு முடிந்துவிடும். அதே நேரத்தில், அங்கே உங்களுக்கு இல்லாதிருந்த மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப் என்ற மாநில உதவித்தொகை, யூசியிலும், சான் ஹோசே ஸ்டேட் அடங்கிய கால் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் பட்டம் படிப்பவர்களுக்குத் திறக்கிறது. அதன் வருமான உச்சவரம்பு 2 இலட்சம் டாலரையும் தாண்டியது. அதனால் 195,000 டாலர் வருமானத்தோடேயே நீங்கள் அதன் வருமான எல்லைக்குள் வருகிறீர்கள். சொத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்றாலும், குடியிருக்கும் வீடும் 401 கே போன்ற ஓய்வூதியச் சேமிப்பும் அதில் சேராது. இதற்குத் தனி விண்ணப்பம் கிடையாது. மார்ச் 2-க்குள் ஃபாஃப்சா போயிருந்தால் போதும். பெரிய தொகை வரும் என்று சொல்லமாட்டேன்; ஆனால் திருப்பிக் கட்ட வேண்டாத பணம்.

ஃபாஃப்சா இலவசப் படிவம். இதை நிரப்பித் தருவதற்குக் கட்டணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம். உங்கள் மகளுக்கு ஒரு கணக்கு, பெற்றோருக்கு ஒரு கணக்கு என ஸ்டூடன்ட் எய்ட் இணையதளத்தில் தனித்தனியாகத் தொடங்கி, வருமான வரித்துறையிலிருந்து தகவலை எடுத்துக்கொள்ள இருவரும் ஒப்புதல் அளிக்க வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் விடுபட்டால் மத்திய அரசின் உதவிக்கான தகுதியே கணக்கிடப்படாது. படிவத்தில் 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம்; ஆகவே இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பாராமல் மூன்று பல்கலைக்கழகங்களையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். பழைய பட்டியலில் டி அன்சாவின் பெயர் மட்டும் இருந்து, புதிய பல்கலைக்கழகத்துக்கு விவரமே போகாமல் கோடை முழுவதும் வீணாவது டிரான்ஸ்ஃபர் மாணவர்களிடம் அடிக்கடி நடக்கிறது.

2026-27 கல்வியாண்டுக்கான படிவம் 2024 வருமானத்தைத்தான் கேட்கும். வேலை போனதற்கு முந்தைய ஆண்டு அது என்பதால், கணக்கில் வரும் எண் உங்கள் இன்றைய நிலையைக் காட்டாது. அதற்காக நீங்களாகவே குறைத்துப் போட்டுவிடக் கூடாது. 2024 இல் இருந்ததை அப்படியே கொடுங்கள். அதைத் திருத்தும் வழி வேறு. நிதியுதவி அலுவலருக்கு, ஒரு குடும்பத்தின் சிறப்புச் சூழலைக் கருதிக் கணக்கை மாற்றி எழுதச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. இத்தகைய கோரிக்கை எதையும் ஏற்பதில்லை என்று ஒரு கல்லூரி பொதுவாகக் கொள்கை வைத்துக்கொள்ளவும் முடியாது. உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை, எல்லா உதவித்தொகைத் தேடலையும் விட இந்த முறையீடுதான் அதிகப் பயன் தரும் என்பது என் கணிப்பு.

முறையீட்டை ஒவ்வொரு வளாகத்துக்கும் தனித்தனியாக, அந்தந்த மாணவர் இணையதளத்தின் வழியே அனுப்ப வேண்டும். வேலைநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, நிறுவனம் கொடுத்த பிரிவுத்தொகை விவரம், மாநில அரசின் வேலையின்மைப் படி விவரம், 2025 வரிக்கணக்கு ஆகியவற்றை இப்போதே ஒரு கோப்பில் திரட்டி வையுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நம் வீடுகளில் எழுதும் இத்தகைய கடிதங்களில், பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி, குடும்பம் எவ்வளவு உழைத்தது என்பவையே முதல் இரண்டு பத்திகளை அடைத்துக்கொள்கின்றன. அலுவலர் தேடும் எண் கடைசியில் எங்கோ ஒளிந்திருக்கும். அதற்கு மாறாக, “2024 இல் எங்கள் மொத்த வருமானம் 195,000 டாலர்; இந்தத் தேதியில் என் கணவரின் வேலை முடிந்தது; 2026 இல் எங்களுக்கு வரக்கூடிய வருமானம் என் சம்பளமான இவ்வளவு டாலர் மட்டுமே; சான்றுகள் இணைக்கப்பட்டுள்ளன” என்று தொடங்குங்கள். பெரிய மருத்துவச் செலவு ஏதும் இருந்தால் ரசீதோடு அடுத்த வரியில் சேர்க்கலாம். உங்கள் கணவருக்கு இடையில் வேறு வேலை கிடைத்தால் அதையும் தெரிவித்துவிட வேண்டும்.

இப்போது கோயம்புத்தூர் வீட்டுக்கு வருவோம். நீங்கள் குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் வாடகைக்கு விட்டிருக்கும் வீடு, இந்தியாவில் இருந்தாலும், முதலீடாகவே கருதப்படும். அதன் மேல் கடன் இருந்தால் கழித்துக்கொண்டு, இன்றைய மதிப்பை டாலரில் குறிப்பிட வேண்டும். இந்திய வங்கிக் கணக்குகளில் உள்ள வைப்புகளுக்கும் இதே விதிதான். அங்கே இருப்பது இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தவறான தகவல் கொடுத்தது தெரிந்தால் பெற்ற உதவியைத் திருப்பிக் கட்டுவதோடு அபராதமும் வரக்கூடும். பயப்படும் அளவுக்கு அந்த வீடு ஃபாஃப்சா கணக்கைக் கெடுத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோர் சொத்தில் ஆண்டுக்கு அதிகபட்சம் 5.64 விழுக்காடு வரைதான் படிப்புக்கான பங்காகக் கணக்கிடப்படுகிறது. மாணவரின் பெயரில் உள்ள பணத்திலோ 20 விழுக்காடு எடுக்கப்படும். தாத்தா பாட்டி பிறந்தநாளுக்கும் விசேஷங்களுக்கும் கொடுத்ததை மகளின் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்திருந்தால், முதலில் செலவழிய வேண்டிய பணம் அதுவே. வீட்டை விற்றால் சொத்து ரொக்கமாக மாறுமே தவிரக் கணக்கிலிருந்து மறையாது. விற்ற ஆண்டில் மூலதன ஆதாயம் வருமானமாகச் சேர்ந்து, அவள் படிப்பு நீண்டால், அந்த ஆண்டின் வருமானத்தைக் கேட்கும் பிந்தைய ஃபாஃப்சாவைப் பாதிக்கவும் கூடும். ஆகவே நிதியுதவிக்காக அந்த வீட்டை விற்பதில் பொருளில்லை.

மத்திய அரசின் பெல் கிராண்ட், 2025-26 இல் அதிகபட்சம் 7,395 டாலர், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது. மாநிலத்தின் கால் கிராண்டில் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி முடித்திருத்தல், 28 வயதுக்குள் இருத்தல், சராசரி மதிப்பெண் (ஜிபிஏ) 2.4-க்குக் குறையாதிருத்தல், வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருத்தல் ஆகியவை அதன் நிபந்தனைகள். 195,000 டாலரோடு நீங்கள் இவற்றுக்கு வெளியே இருக்கிறீர்கள். முறையீட்டின் விளைவாக எண் மாறினால் நிலைமை மாறலாம். யூசியின் புளூ அண்ட் கோல்டு திட்டமும், பல ஆண்டுகள் 80,000 டாலர் வருமான வரம்போடு கல்விக் கட்டணத்தை முழுமையாக ஈடுசெய்து வந்த ஒன்று. டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை பொருந்தும்.

தனியார் உதவித்தொகைகளில் நேரத்தைச் செலவிடுவதானால் அருகிலிருந்து தொடங்க வேண்டும். பல்கலைக்கழகம் செல்லும் தன் மாணவர்களுக்கு டி அன்சாவிலேயே உதவித்தொகைகள் உண்டு. நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் போட்டியிடும் கட்டுரைப் போட்டிகளை விட அங்கே வாய்ப்பு அதிகம். மகளின் சராசரி 3.5-க்கு மேல் இருந்தால் ஃபை தீட்டா கப்பா என்ற கம்யூனிட்டி கல்லூரி மாணவர் கழகத்தில் சேரலாம். அதன் உறுப்பினர்களுக்கென்றே பல பல்கலைக்கழகங்கள் டிரான்ஸ்ஃபர் உதவித்தொகை வைத்திருக்கின்றன. ஜாக் கென்ட் குக் அறக்கட்டளையின் டிரான்ஸ்ஃபர் உதவித்தொகை ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தரும். போட்டி மிகக் கடுமையானது.

ஏப்ரலில் பல்கலைக்கழகங்களின் நிதியுதவிக் கடிதங்கள் வரும்போது, மேலே தடித்த எழுத்தில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல் ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 31,000 டாலர் உதவி என்று சொல்லும் ஒரு கடிதத்தில் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத தொகை) 8,500, மாணவர் பெயரில் மத்திய அரசுக் கடன் 7,500, வொர்க்-ஸ்டடி 3,000, பெற்றோர் பிளஸ் கடன் 12,000 என்று இருக்கலாம். இதில் உதவி என்று நான் எண்ணுவது 8,500 மட்டுமே. வொர்க்-ஸ்டடி, வளாகத்தில் வேலை கிடைத்து உழைத்தால் வரும் சம்பளம். 7,500 என்பது மூன்றாம் ஆண்டு முதல், பெற்றோரைச் சார்ந்தவராகக் கருதப்படும் மாணவர் ஒருவர் ஓராண்டில் வாங்கக்கூடிய உச்ச அளவு. அதில் 5,500 வரை, தேவையுள்ளவர்களுக்கு, படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும். பிளஸ் கடனோ உங்கள் பெயரில் நிற்பது. 2026 ஜூலை 1 முதல் வாங்கப்படும் பிளஸ் கடனுக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்ற புதிய உச்சவரம்பு வந்திருக்கிறது. வருமானம் நின்றிருக்கும் வீட்டில், முறையீட்டுக்குப் பதில் வருவதற்கு முன்னால் அதில் கையெழுத்திடக் கூடாது என்பேன்.

மூன்று இடங்களையும் ஒப்பிடும்போது கல்விக் கட்டணத்தை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். கால் ஸ்டேட்டின் அடிப்படைக் கட்டணம் 2025-26 இல் 6,450 டாலர். யூசியில் சுமார் 15,000. ஆனால் டேவிஸிலும் சாந்தா குரூஸிலும் அறை வாடகையும் சாப்பாடும் கட்டணத்தை விஞ்சிவிடும். சான் ஹோசே ஸ்டேட் என்றால் அவள் வீட்டிலிருந்தே போய்வரலாம். உங்கள் நிலையில் அந்த வாய்ப்பை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டியதில்லை.

வரியிலும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி என்ற கல்வி வரிச்சலுகை ஆண்டுக்கு 2,500 டாலர் வரை தருகிறது. கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டும்போது வருமானம் 160,000 டாலருக்கு மேல் போனால் குறையத் தொடங்கி, 180,000-இல் நின்றுவிடும். ஒரு மாணவருக்கு நான்கு வரி ஆண்டுகளுக்கு மட்டுமே இது உண்டு. கம்யூனிட்டி கல்லூரியின் சிறு கட்டணத்துக்காகச் சிலர் அந்த ஆண்டுகளைத் தீர்த்துவிடுகிறார்கள். 2024 இல் உங்களுக்கு இது கிடைத்திருக்காது. பல்கலைக்கழகக் கட்டணம் கட்டும் 2026-இல் கிடைக்க வாய்ப்புண்டு.

உங்களைப் போல் கிரீன் கார்டு இல்லாமல், எச்1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான எச்4 விசாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எச்4 மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவி கிடையாது. இருந்தாலும் மாநிலக் குடியிருப்பு நிபந்தனைகளை நிறைவேற்றினால் கலிபோர்னியாவில் உள்மாநிலக் கட்டணம் பெறலாம். 21 வயதில் எச்4 முடிந்து எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாற நேர்ந்தால் அந்த நிலை ஆட்டம் கண்டுவிடும். யூசியில் வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டும். டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் நுழைவது பெரும்பாலும் இருபது வயதில் என்பதால், பிறந்தநாள் எந்தப் பருவத்தில் வருகிறது என்பதை வளாகத்தின் குடியிருப்பு அலுவலரிடமும் குடியேற்ற வழக்கறிஞரிடமும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, டி அன்சாவில் அவள் பாதியில் விட்ட வகுப்புகள் இருந்தால் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்த யூனிட்டுகளில் போதிய பங்கை முடிக்காதவர்களுக்கும், பட்டத்துக்குத் தேவையானதை விட மிக அதிகமாகச் சேர்த்தவர்களுக்கும் நிதியுதவி நிறுத்தப்படுவதுண்டு. மற்றொன்று, யூசி டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் இடத்தை உறுதிசெய்யக் கடைசி நாளான ஜூன் 1-க்குள் முடிவெடுத்தவுடன், மாநில நிதியுதவி ஆணையத்தின் வெப்கிராண்ட்ஸ் கணக்கில் நுழைந்து, டி அன்சா என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகமாக அவளே மாற்ற வேண்டும். அந்தக் கணக்கை அவள் இதுவரை திறக்கவில்லை என்றால், ஃபாஃப்சா அனுப்பும் அதே வாரத்தில் திறந்துவிடட்டும்.